மருத்துவப் படிப்புக்கு முந்திய படிப்பு



கடந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்து சில வாரங்கள் சென்றிருக்கும். ஒரு மாலைப் பொழுதில் எங்கள் தோட்டத்தைச் சேர்ந்த ஒரு தாயும் அவருடைய மகளும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தாய் பால்மரம் வெட்டுபவர். தந்தை செம்பனைக் குலை அறுப்பவர். மகள் என்னிடம் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், பௌதிகம், கூடுதல் கணிதம் நான்கிலும் நல்ல தேர்ச்சி. கையில் பளபளப்பான தாள் ஒன்று இருந்தது.

"வாத்தியாரையா, புள்ள டாக்டர் படிப்புக்குச் சேந்துட்டா. இந்தத் தாளக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார் தாய்.

தாளை வாங்கிப் பார்த்தேன். இணையத்தின் வழி 'பிரி-மெட்' பயிற்சியொன்றை அவள் பன்னிரண்டு வாரங்களில் முடிக்கவிருப்பதாகவும், அதற்கான கட்டணம் 1,600 வெள்ளி பெற்றுக்கொள்ளப்பட்டதாகவும் அதில் எழுதியிருந்தது. பயிற்சி முடிந்ததும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் நேரே முதலாம் ஆண்டில் சேர்ந்துவிடலாம் என்று ஒரு முகவர் சொன்னாராம். "மெட்ரிகுலேசனுக்கு மனுப்போட வேண்டாம், படிவம் ஆறும் வேண்டாம், வீணாக இரண்டாண்டு போய்விடும்" என்றும் அவர் சொன்னாராம். அவள் மனுப்போடவில்லை. மெட்ரிகுலேசன் விண்ணப்ப நாள் கடந்துவிட்டது. 1,600 வெள்ளி என்பது அந்தத் தாயின் ஒரு மாதச் சம்பளத்துக்கு அருகில் வரும் தொகை. நான் தாளைத் திருப்பிக் கொடுக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன்.

அந்த மாலை அவர்களுக்குச் சொன்னதைத்தான் இன்று இன்னும் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

'பிரி-மெட்' என்னும் சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பள்ளி முடித்த மாணவர் நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போவதில்லை. முதலில் நான்காண்டுப் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றைப் பெறவேண்டும். அந்தப் பட்டப் படிப்பின்போதே உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், பௌதிகம் ஆகியவற்றை ஆய்வுக்கூடப் பயிற்சியோடு படித்து முடிக்கவேண்டும். பின்னர் 'எம்கேட்' எனப்படும் நுழைவுத் தேர்வை எழுதவேண்டும். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் நடக்கும் தேர்வு அது. அதன் பிறகே விண்ணப்பம், நேர்முகம் எல்லாம். ஆக, 'பிரி-மெட்' என்பது அங்கே ஒரு சான்றிதழின் பெயர் அன்று. மருத்துவம் படிக்க எண்ணுகிறவர் முன்கூட்டிப் படித்து வைக்கும் பாடங்களின் தொகுதிக்கு வழங்கும் பெயர். அந்நாட்டிலேயே, ஆய்வுக்கூடப் பாடத்தை இணையத்தின் வழி முடித்தால் சில கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன, சில ஏற்பதில்லை.

நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் காணொளிகளில் பல அந்த நாட்டிலிருந்து வருகின்றன. அதனால் அந்தச் சொல்லும் இங்கே வந்துவிட்டது. சொல் வந்ததில் குற்றமில்லை. அதை விலைக்கு விற்பவர்களும் பின்னாலேயே வந்துவிட்டதுதான் தொல்லை.

நம் நாட்டில் வழி வேறு. இங்கே மருத்துவப் படிப்பு ஐந்தாண்டு. எஸ்.பி.எம்.முக்கும் அதற்கும் இடையே பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு ஒன்று உண்டு. அதுதான் நமக்கு உண்மையான 'பிரி-மெட்'. அதற்கு முக்கியமான வாசல்கள் மூன்று. முதலாவது, படிவம் ஆறில் சேர்ந்து எஸ்.டி.பி.எம். எழுதுவது, மூன்று தவணைகளாக ஒன்றரை ஆண்டு நடக்கும். இரண்டாவது, கல்வி அமைச்சின் மெட்ரிகுலேசன் கல்லூரி, பெரும்பாலோர்க்கு ஓராண்டு. மூன்றாவது, பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் அடிப்படைப் படிப்பு. தனியார் கல்லூரியில் 'ஏ-லெவல்' படிப்பதும் உண்டு. ஆனால் செலவு மிகுதி.

இந்த வாசல்களுள் நம் குடும்பங்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுவது படிவம் ஆறைத்தான். "திரும்பவும் பள்ளிக்கூடமா?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். பெற்றோருக்கும் அது ஒரு தோல்வியைப் போலத் தோன்றுகிறது. ஆனால் அரசாங்கப் பள்ளியில் படிவம் ஆறுக்குப் படிப்புக் கட்டணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம், எஸ்.டி.பி.எம். சான்றிதழுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் மதிப்புண்டு. கடினமான தேர்வு என்பது உண்மைதான். மருத்துவப் படிப்பு அதைவிடக் கடினம் என்பதும் உண்மைதானே!

மெட்ரிகுலேசனைப் பற்றி ஒரு செய்தி. அங்கே பூமிபுத்ரா அல்லாத மாணவர்க்கு நூற்றுக்குப் பத்து இடங்களே என்பது நெடுநாளைய ஏற்பாடு. அதனால் நம் பிள்ளைகள் நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காமல் மனம் நொந்த கதைகள் ஆண்டுதோறும் உண்டு. 2024-ஆம் ஆண்டு, எஸ்.பி.எம். தேர்வில் பத்து 'ஏ'யும் அதற்கு மேலும் பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஏழெட்டு 'ஏ' பெற்ற பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்களும் மனுப்போடவேண்டும், கிடைத்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் படிவம் ஆறு கையில் இருக்கிறது.

இனித் தகுதியைப் பார்ப்போம். 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசிய மருத்துவ மன்றம் நுழைவுத் தகுதியை வகுத்து வைத்திருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னொரு பாடம் ஆகிய ஐந்திலும் குறைந்தது 'பி'. அதன்மேல் எஸ்.டி.பி.எம். எழுதுகிறவர் உயிரியல், வேதியியல், பௌதிகம் அல்லது கணிதம் என்ற மூன்றிலும் 'பி' அளவில் தேறவேண்டும். இது வாசற்படியின் உயரம் மட்டுமே. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் போட்டி மிகக் கடுமையாதலால், உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் 4.00 புள்ளிக்கு அருகில் இருப்பவர்களே.

பெற்றோர்களே, இதிலிருந்து ஒன்று தெரிகிறதல்லவா? டாக்டர் படிப்பு முடிவாவது எஸ்.பி.எம். முடிந்த பிறகு அன்று. படிவம் நான்கில் பாடங்களைத் தெரிவு செய்யும் நாளில்தான். அன்று உயிரியலையும் வேதியியலையும் எடுக்காத பிள்ளைக்குப் பின்னர் எந்தக் காணொளியும் உதவாது. படிவம் மூன்று முடியும்போது பள்ளியிலிருந்து ஒரு பாரம் வரும். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பிள்ளை என்ன பாடங்களுக்குக் கோடு போட்டிருக்கிறது என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோனால் படித்துச் சொல்ல ஆசிரியர் இருக்கிறார்.

அப்படியானால் இணையத்தின் வழிக் கற்பது வீண்தானா? அப்படி நான் சொல்ல வரவில்லை. தூரத்திலிருந்து கற்பது நமக்குப் புதிதுமன்று. 1966-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு வானொலியில் பள்ளிப் பாடங்கள் ஒலித்தன. 1972-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1971-ஆம் ஆண்டிலேயே வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்குத் தொலைக்கல்வியைத் தொடங்கிற்று. எனக்கு மூத்த ஆசிரியர் பலர் அப்படிப் படித்துப் பட்டம் பெற்றவர்கள்தாம். 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாடு முழுவதுமே வீட்டிலிருந்து படித்தது. சபாவில் ஒரு மாணவி அலைவரிசை கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி ஓரிரவு தங்கித் தேர்வு எழுதியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் தோட்டத்தில் மரம் ஏறவில்லை. கோயில் மேட்டில் போய் உட்கார்ந்தார்கள்.

இயங்கலையில் நல்ல பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் 'டெலிமா' தளத்தில் பாடநூல்கள் இருக்கின்றன. நுழைவதற்கான அடையாள எண்ணைப் பள்ளியே கொடுக்கும். அமெரிக்காவில் 2008-இல் அமைக்கப்பட்ட 'கான் அகாடமி' உயிரியலையும் வேதியியலையும் ஆங்கிலத்தில் அருமையாக விளக்குகிறது. ஒரு காசு வாங்குவதில்லை. ஆனால் அது அவர்கள் நாட்டுப் பாடத்திட்டம். ஆகவே முதலில் நம் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் பள்ளியில் என்ன தலைப்போ அந்தத் தலைப்பை மட்டும் அங்கே தேடவேண்டும். தேடாமல் திறந்தால் இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு பாடம் சொல்கிறேன். எஸ்.பி.எம். வேதியியலில் இயற்கை ரப்பர் என்று ஒரு பகுதி உண்டு. பாலில் அமிலம் ஊற்றினால் ஏன் உறைகிறது என்பது கேள்வி. இதைத் தோட்டத்துப் பிள்ளை புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டிருக்கும். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய புரதச் சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வின் மேல் எதிர்மின்னூட்டம். எல்லாத் துகளுக்கும் ஒரே மின்னூட்டமாதலால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டாது. ஃபார்மிக் அமிலத்தை ஊற்றியதும் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள், நேர்மின்னூட்டம் உள்ளவை, சவ்வின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்துவிடுகின்றன. தள்ளுதல் நின்றதும் துகள்கள் மோதுகின்றன, சவ்வு கிழிகிறது, உள்ளிருக்கும் நீண்ட ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கட்டியாகிவிட்டது. அமிலமே ஊற்றாமல் விட்டாலும் மறுநாள் பால் உறைகிறதே, ஏன்? காற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதில் புகுந்து தாமே அமிலத்தை உண்டாக்குகின்றன. அம்மோனியா சேர்த்தால் உறைவதில்லை. அது அந்த அமிலத்தை மாற்றிவிடுகிறது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் குறுக்கிட்டு, "அதனாலதான் வெயில் ஏறினா கொட்டாங்கச்சியிலேயே கட்டி புடிச்சிருதா?" என்று கேட்டார். சூட்டில் பாக்டீரியாக்களின் வேலை விரைவாக நடக்கும், ஆம், அதுவும் ஒரு காரணம் என்றேன். எஸ்.பி.எம். தேர்வில் இதே விளக்கத்துக்கு மதிப்பெண் உண்டு. மகள் தாயைப் பார்த்த பார்வை இன்னும் என் நினைவில் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் பிள்ளை ஆறாண்டு அறிவியலைத் தமிழில் படிக்கிறது, ஐந்தாண்டு பெரும்பாலும் மலாயில் படிக்கிறது, பிறகு மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலம். இணையத்துப் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலமே. இதைப் பாரம் என்று நினைக்காமல் ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பத்தியில் 'சவ்வூடு பரவல்', அடுத்ததில் அதற்கான மலாய்ச் சொல், அடுத்ததில் ஆங்கிலச் சொல். நாளைக்குப் பத்துச் சொல் போதும். இரண்டாண்டில் ஏழாயிரம் சொல்லாகிறது. என் மாணவர்களில் இதைச் செய்தவர் சிலரே. செய்தவர்களை உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் மிரட்டவில்லை. படிவம் ஆறு மாணவர்க்கு 'மூயெட்' என்னும் ஆங்கிலத் தேர்வு தனியே இருப்பதையும் மறக்கலாகாது. மருத்துவத்துக்கு அதில் நல்ல நிலை கேட்பார்கள்.

இயங்கலையால் முடியாததும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயின் திருகைத் திருப்பி, கீழே குடுவையில் இருக்கும் அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒரே ஒரு சொட்டில் நிறமற்ற நீர் இளஞ்சிவப்பாகும். அந்தச் சொட்டில் கையை நிறுத்தவேண்டும். காணொளியில் நூறு முறை பார்த்தாலும் கை கற்றுக்கொள்ளாது. பால்வெட்டும் அப்படித்தானே? பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் யார்? நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், நரம்பில் ஊசி ஏற்றுவதும் கைப்பழக்கமே. ஆகவே மருத்துவப் பட்டம் முழுவதையும் வீட்டிலிருந்தே பெறலாம் என்று யாராவது சொன்னால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அதே காரணத்தால், இணையத்தின் வழிப் பெறும் பயிற்சிச் சான்றிதழ் நுழைவுத் தகுதி ஆகாது. மன்றம் ஏற்கும் தகுதிகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. முழு அடிப்படைப் படிப்பையும் இயங்கலையில் நடத்துவதாக ஒரு நிறுவனம் சொல்லுமானால், பணம் கட்டுவதற்கு முன், பிள்ளை சேர விரும்பும் மருத்துவக் கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதி, "இந்தப் படிப்பை ஏற்பீர்களா?" என்று கேட்டு எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

விண்ணப்பத்துக்கு வருவோம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு 'யு.பி.யு.' என்னும் ஒரே தளத்தின் வழி மனுப்போட வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் முதலிய எல்லாம் அதற்குள் அடக்கம். மதிப்பெண் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு கல்விக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. இந்தப் பத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் இழக்கிறார்கள். மாலை மூன்று மணிக்குச் சாரணர் பயிற்சி என்றால், தோட்டத்துக்கு வரும் பேருந்து இரண்டரைக்கே போய்விடும். பிள்ளை பயிற்சியை விட்டுவிடுகிறது. நாலைந்து வீட்டார் சேர்ந்து வாரத்தில் ஒரு நாள் ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தால் போதும். எங்கள் தோட்டத்தில் அதைச் செய்ய ஏழாண்டு பிடித்தது. அந்தக் கதையை இப்போது விட்டுவிடுகிறேன்.

மருத்துவத்துக்கு நேர்முகமும் உண்டு. ஏன் டாக்டராக விரும்புகிறாய் என்று கேட்பார்கள். "மக்களுக்குச் சேவை செய்ய" என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்கின்றன. தாத்தா காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் ஒருவரே எல்லா நோய்க்கும் மருந்து கொடுத்ததையும், இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதையும் வீட்டில் சொல்லியிருப்பீர்களே, அதைச் சொல்லட்டும். சொந்தமாகச் சொல்ல ஒன்று உள்ள பிள்ளை தடுமாறுவதில்லை.

பத்திரங்களில் கவனம் வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து மாறி இன்னொரு பெயர் என்று இருந்தால் அதை இப்போதே பதிவிலாகாவில் சரிசெய்துகொள்ளுங்கள். குடியுரிமைச் சிக்கல் உள்ள பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பன்னிரண்டு வயதிலேயே அதைத் தொடங்கியிருக்கவேண்டும்.

தனியார் கல்லூரி என்றால் ஐந்தாண்டுக்கு மூன்று லட்சம் வெள்ளியையும் தாண்டலாம். நம் சமூகத்தின் முயற்சியில் 2001-ஆம் ஆண்டு கெடாவில் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போன்றவை உண்டு; உபகாரச் சம்பளமும் கடனும் கேட்டுப் பார்க்கலாம். 1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். கடன் பொதுவாக முழுச் செலவையும் ஈடுசெய்வதில்லை. வெளிநாடு போவதாயின், அந்தக் கல்லூரியின் பட்டம் மருத்துவச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று மன்றத்தின் தளத்திலேயே பாருங்கள். பட்டியலில் இல்லாத பட்டத்தோடு திரும்புகிறவர் தகுதித் தேர்வு எழுதித் தேறாமல் இங்கே தொழில் செய்ய இயலாது. வீட்டை அடகு வைத்துப் படித்துவிட்டு அதில் மாட்டிக்கொண்டவரை நான் அறிவேன்.

பட்டம் பெற்ற பிறகும் இரண்டாண்டு அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக உழைக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டு இறுதி முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் அமர்த்தப்படுகிறார்கள். அதன்மேல் எழுந்த மனக்குறையால் 2021 ஜூலை 26-இல் அவர்கள் வேலையிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். டாக்டரானால் நிரந்தர அரசாங்க வேலை என்ற பழைய நம்பிக்கையோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம். டாக்டர் வேலை பிடித்திருந்தால் அனுப்புங்கள்.

அந்த மாணவியின் செய்தியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். கட்டிய 1,600 வெள்ளி திரும்பவில்லை. முகவரின் தொலைபேசி எண்ணும் இப்போது இல்லை. மறுநாள் காலையிலேயே அவளையும் தாயையும் அழைத்துக்கொண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். வகுப்புத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. முறையீட்டுக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தோம், சேர்த்துக்கொண்டார்கள். இப்போது இரண்டாம் தவணையில் இருக்கிறாள். முதல் தவணையில் வேதியியல் நன்று, பௌதிகம் சுமார்.

திரும்பி வரும் வழியில் தாய் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டார். "ஐயா, இவ படிச்சு முடிச்சு டாக்டரா வேலைக்குப் போகும்போது எனக்கு என்ன வயசு இருக்கும்?" ஒன்றரை ஆண்டு படிவம் ஆறு, முடிவுக்காகவும் இடத்துக்காகவும் சில மாதம், ஐந்தாண்டுக் கல்லூரி. விரல் விட்டு எண்ணினேன். ஐம்பத்து மூன்று என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அறுபது வரைக்கும் வெட்டலாம்" என்றார்.

அடுத்த மாதம் மூன்றாம் தவணைக்கான பதிவு. அவளுடைய கைப்பேசி பழுதாகிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பள்ளியின் கணினி அறையைத் திறந்து வைக்கத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் வரலாம். சொந்தமாக ஒரு கணக்குப் புத்தகமும் பேனாவும் கொண்டுவரவேண்டும்.